செயலர் மருமகனின் ஒயினில் சீனி போட்டேன்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன தேவாலயத்தில் முப்பத்தொரு வருஷம் கோயில்பிள்ளையாக இருந்தேன். மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது, மைக் போடுவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். ஆனால் சபைக்கு என்னைத் தெரிந்தது, திருவிருந்தில் ஆளுக்கொரு வாய் கொடுக்கும் திராட்சை ரசத்தால்தான். பன்னீர் திராட்சையைச் சீனியோடு பீங்கான் பரணியில் போட்டு, கிராம்பு சேர்த்து நான் ஊறவைக்கும் ரசம். பெரிய மனுஷர்கள்கூடக் கிண்ணத்தைச் சட்டென்று திருப்பித் தரமாட்டார்கள்.

எனக்கு அறுபது முடிந்த வருஷம் அது. இளைய மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. இரண்டு வருஷம் பணி நீட்டிப்புக் கேட்டு மனுக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை கமிட்டி. முடிவு சபைச் செயலர் ஜெபமணி அண்ணாச்சி கையில்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி மூன்று பாட்டிலோடு வந்தார். அவர் மகள் கிரேஸ் இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருக்கிறாள். மாப்பிள்ளை மார்ட்டினுக்கு அங்கே மூன்று ஏக்கரில் சொந்தத் திராட்சைத் தோட்டம். இது அதன் முதல் சிவப்பு ஒயின்; குழந்தையோடு ஊருக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது.

"நாளைக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம் வே. திருவிருந்துக்கும் இதான். குருவானவர் சரின்னுட்டாரு. சபையில ஒருத்தன் மொகம் கோணப்படாது, பாத்துக்கிடும்."

அவர் போனதும் ஒரு கரண்டி ஊற்றி வாயில் வைத்தேன். கர்த்தாவே, அப்படி ஒரு புளிப்பு. அதற்குப் பின்னால் நெல்லிக்காய்த் துவர்ப்பு. பிளேனில் வந்த சூட்டில் கெட்டுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதை அப்படியே ஊற்றினால் சபையே முகத்தைச் சுளிக்கும். திங்கட்கிழமை என் மனு குப்பைக்குப் போகும்.

முப்பத்தொரு வருஷ அனுபவம் சும்மா இருக்குமா? இரண்டு பாட்டிலைச் சட்டியில் ஊற்றி, அரைக் கிலோ சீனி கொட்டி, நாலு கிராம்பு தட்டிப் போட்டு, பைய சூடாக்கி இறக்கினேன். ருசி பார்த்தேன். என் ரசமேதான்.

மறுநாள் திருவிருந்துக்கு முழங்காலிட்டவர்கள் கிண்ணத்தை மனமில்லாமல்தான் விட்டார்கள். மார்ட்டின் ஒரு வாய் குடித்தார். கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் கிரேஸோடு நான் பாத்திரம் கழுவும் உள்ளறைக்கு வந்து, சட்டியின் மூடியைத் திறந்து, அடியில் கிடந்த கிராம்பை எடுத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"மாப்ள, சபை பூரா ஒம்ம ஒயினத்தான் பேசுது. கிறிஸ்மஸுக்கு ஒரு பெட்டி அனுப்பணும். இதே ருசி இருக்கணும், ஆமா."

கிரேஸ் அதை இங்கிலீஷில் சொன்னாள். மார்ட்டின் கிராம்பை விரலிடுக்கில் உருட்டினார். மாமனாரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை மேல தப்பில்ல. கெட்டுப்போச்சுன்னு நெனச்சு நாந்தான் சீனி போட்டுக் காய்ச்சிட்டேன்."

"வே, ஒமக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மாப்ள தோட்டத்து ஒயின்ல சீனியா? நாளைக்குக் கமிட்டியில வச்சுப் பேசிக்கிடுதேன் ஒம்ம."

"அப்பா, அது கெடவே இல்ல. அதோட ருசியே அதான்" என்றாள் கிரேஸ். மார்ட்டினுக்கும் விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். மூன்றாவது பாட்டிலைத் திறந்து, ஒரு கிளாஸில் ஊற்றி, ஆசையோடு மாமனார் கையில் கொடுத்தார்.

அண்ணாச்சி என்னை முறைத்துக்கொண்டே ஒரே மடக்காகக் குடித்தார். அவருடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது. தோள் ஒருமுறை குலுங்கியது. மருமகன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமை மாப்ள" என்றார் அண்ணாச்சி.

பிறகு என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார்.

"எவ்வளவு சீனி வே போட்டீரு?"

"அரைக் கிலோ, அண்ணாச்சி."

"கிறிஸ்மஸுக்கு ஒரு பெட்டி வருது. நீரு எங்கயும் போயிரப்படாது."

திங்கட்கிழமை கமிட்டியில் என் மனு ஒரு நிமிஷத்தில் நிறைவேறியது.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்தவர் பொருள் கெட்டிருக்கிறது என்று தோன்றினால், கைவைக்கும் முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால், அந்த வருஷமே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.