நூற்று அறுபது கிலோவும் எங்கள் அக்காவும்

லிஃப்ட் கத்தினால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் எங்கள் அக்கா முதல் ஆளாக ஏறி மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றிருந்தாலும், மணி அடித்ததும் எல்லார் கண்ணும் அவள் மேல்தான் போகும். அவளும் "நீங்க போங்க, நான் படியில வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்து ஊஞ்சல், ஏரிப் படகு, பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப் என்று அவள் இறங்காத வாகனம் இல்லை. நான் அவளுடைய தங்கை. குச்சி போல இருப்பேன், வாய் மட்டும் நீளம். என்னை யாரும் எதிலிருந்தும் இறங்கச் சொன்னதில்லை.

அக்காவுக்கு வேலை கார் சீட் தைப்பது. சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பின்பக்கத்து அறை அவளுடையது. உள்ளே போனால் தோல் வாசனையும் பசை வாசனையும் மூக்கில் ஏறும். ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷின், சுவர் முழுக்கத் தோல் சுருள்கள், தரையெல்லாம் ஸ்பாஞ்சுத் துணுக்கு. ஊரில் அவளுக்கு 'மெத்தை அக்கா' என்று பெயர். தொழிலுக்காக வைத்த பெயர் என்று அவள் சொல்வாள். நானும் அப்படியே சொல்வேன்.

சீட்டைப் பொருத்த வண்டியை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். பொறுத்துப் பார்த்தவள் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பட்டறைக்குள் தூணுக்கும் சுவருக்கும் நடுவில், கையகல இடத்தில் வண்டியைத் திருப்புவாள். "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறா" என்று முதலாளி கிண்டல் செய்வார். அந்தக் குதிரையை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் குட்டிக் கார்களுக்கு மலைப்பாதையில் ஒரு போட்டி நடக்கும். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, மற்றவர் கடிகாரம் பார்க்க வேண்டும். வேகம் முக்கியமில்லை. வழியில் உள்ள சாவடிகளைச் சொன்ன நேரத்துக்குக் கடக்க வேண்டும். முந்தினாலும் மார்க் போகும், பிந்தினாலும் போகும். முதலாளி எப்போதும் அந்த மெக்கானிக்கோடுதான் போவார். அவன் என்னைப் போல ஒல்லி. இந்த வருஷம் அவருடைய பச்சை வண்டிக்கு அக்கா புது சீட் தைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து பார்த்தவர் சொக்கிப் போய், எல்லார் முன்னிலையிலும், "இந்தத் தடவை என் பக்கத்துல நீதாம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடக்கூட இல்லை. "அடியே, நிஜமாவே கூட்டிட்டுப் போவாரா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு ஆசையை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சிக்கல் எங்கே என்றால், அந்த வண்டியின் கதவோரத்தில் ஒரு தகடு இருக்கிறது. 'ஆட்களும் சாமானும் சேர்த்து மொத்தம் நூற்று அறுபது கிலோ' என்று அதில் பொறித்திருக்கிறது. அக்கா நூற்று நாலு. முதலாளி எழுபத்தெட்டு. கூட்டினால் இருபத்திரண்டு கிலோ இடிக்கிறது. பட்டறையே கூடி மூளையைக் கசக்கியது. கடைசியில் ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி, ரேடியோ எல்லாவற்றையும் கழற்றி வெளியே போட்டார்கள். "இருபத்தஞ்சு கிலோ கொறைச்சாச்சு!" என்று மெக்கானிக் மார்தட்டினான். நானும் ஆகா ஓகோ என்று கைதட்டினேன். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

போட்டியன்று மலையடிவாரத்தில் ஒரு பெரிய தராசு மேடை. கழுத்தில் கண்ணாடி தொங்க ஒரு பரிசோதகர் அம்மா நின்றிருந்தார். அக்காவும் முதலாளியும் மேடை ஏறினார்கள். முள் நூற்று எண்பத்திரண்டில் நின்றது.

"ஸ்டெப்னியக் கழட்டிட்டோமே மேடம்" என்றார் முதலாளி, பெருமையாக.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "வண்டியோட எடை வேற, அது சுமக்குற எடை வேற. ஸ்டெப்னி வண்டியோட சேர்த்தி. அதைக் கழட்டினா உங்க உடம்பு எளைச்சிடுமா? இதுக்கு மேல ஏத்தினா ஸ்பிரிங் உக்காந்துடும், எறக்கத்துல பிரேக் நிக்காது. போங்க, எல்லாத்தையும் திருப்பி மாட்டுங்க. இங்க நூத்தி அறுபதைத் தாண்டக் கூடாது. அதுல யார் யார் போறீங்கங்கறது உங்க பாடு."

பின்னால் சிவப்பு வண்டியில் இருந்த துணிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வண்டி மலையேறும்னு பாத்தா, மலையே வண்டியேறப் பாக்குது!"

சுற்றி நின்ற அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தார்கள். லிஃப்டில் பார்க்கிற அதே பார்வை. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, நீ எறங்கிக்கோ. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அக்கா வழக்கம்போல் சிரித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அவள் அந்தக் காலைத் திரும்ப மேலே எடுத்து வைத்தாள். சிரிப்பைக் காணோம்.

"முதலாளி, நீங்க எறங்குங்க."

"என்னது? வண்டி என்னோடதும்மா!"

"வண்டி உங்களோடது. எடை நம்ம ரெண்டு பேரோடது. நான்தான் எறங்கணும்னு அந்தத் தகட்டுல எழுதலியே. ஷெட்டுக்குள்ள உங்க வண்டிய உங்களைவிட அதிகமா ஓட்டினவ நான். நான் ஓட்டுறேன்."

முதலாளி பரிசோதகரைப் பார்த்தார். அந்த அம்மா வானத்தைப் பார்த்தார், ஆனால் உதட்டோரம் துடித்தது. பாவம், முதலாளி நல்ல மனுஷன்தான், கொடுத்த வாக்கு அவரையே குத்தியிருக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கிச் சாவியை நீட்டினார். "கீறல் விழக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

மெக்கானிக் துள்ளி மேடை ஏறினான். முள் நூற்று அறுபத்திரண்டு காட்டியது. ஷூவைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், அப்போதும் ஒரு கிலோ கூடுதல். அதற்கு மேல் கழற்றப் போனவனைப் பரிசோதகர் அம்மாவே தடுத்துவிட்டார். நான் வேடிக்கை பார்க்க வந்தவள், அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு நின்றவள். என்னைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். நூற்று ஐம்பத்தாறு.

வேனில் கிடந்த ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் திருப்பி மாட்டியதும் கொடி அசைந்தது. முதல் வளைவில் அக்கா "ஹோ!" என்று ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது கூடப்பிறந்த எனக்கே தெரியாது. காற்று முகத்தில் அறைந்தது. முடி அவிழ்ந்து பறந்ததை அவள் கண்டுகொள்ளவே இல்லை. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் திருப்பிய கைக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் மைதானம். நான் கடிகாரத்தைப் பார்த்து "மெதுவா", "இப்ப மிதி" என்பேன். சொல்லி முடிப்பதற்குள் வண்டி கேட்கும். துணிக்கடைக்காரர் ஹாரனை அலறவிட்டு எங்களை முந்தினார். "விடு, அவரு போகட்டும். நமக்கென்ன அவசரம்?" என்றாள் அக்கா. நான் அழுதுகொண்டே நேரம் படித்தேன். சந்தோஷத்தில்தான்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. துணிக்கடைக்காரர் கடைசி இரண்டு சாவடிகளையும் முன்கூட்டியே தாண்டி மார்க்கைக் கோட்டை விட்டிருந்தார். உச்சியில் முடிவைச் சொன்னபோது முதல் இடம் பச்சை வண்டி என்றார்கள். வேனில் பின்னாலேயே வந்த முதலாளி, தானே ஜெயித்த மாதிரி குதித்தார். துணிக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, மலை ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாமல் இருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வராது.

கோப்பை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பித்தளை, அடியில் கருங்கல். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அக்கா அதை வண்டிக்குள் வைக்கப் போனபோது, உச்சிக்கும் வந்துவிட்டிருந்த பரிசோதகர் அம்மா கையை நீட்டித் தடுத்தார். "நில்லுங்க. அது ஏழு கிலோ. எறக்கத்துல மூணு கிலோ கூடுதலா விட மாட்டேன்."

"கோப்பைய வேன்ல போடும்மா, நான் பத்திரமா கொண்டு வர்றேன்" என்றார் முதலாளி.

"அது என்கூடத்தான் வரும்" என்றாள் அக்கா. பிறகு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடியே, நீ எறங்கு."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார், மெக்கானிக் பார்த்தான், துணிக்கடைக்காரர்கூடப் பார்த்தார். எடைக்காக என்னை ஒரு வண்டியிலிருந்து இறக்கிவிட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கோப்பையை என் சீட்டில் உட்காரவைத்து, நானே பெல்ட்டையும் மாட்டிவிட்டு, கைதட்டிக்கொண்டே ஒதுங்கி நின்றேன். அக்கா ஹாரனை அடித்துக்கொண்டு மலையிறங்கிப் போனாள்.