தங்கையின் வரிகளில் தப்புத் தேடியது

என் தங்கை அனுப்பும் கணினி நிரல் மாற்றங்கள் அன்றைக்கே ஏற்கப்பட்டுவிடும். என்னுடையவை இரண்டு மூன்று நாள் கிடக்கும். பிறகு கேள்விகளோடு திரும்பி வரும். இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே குழுவில் இருந்தோம். பரமக்குடிக்குத் தெற்கே எங்கள் கிராமத்து வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அக்காவான நான்தான்.

கம்பெனி மதுரையில். மண்டபம் பக்கத்துப் படகுக்காரர்களுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். கடலில் இருக்கும்போதே நண்டு, மீன் விவரத்தைப் போனில் பதிந்துவிட்டால், கரையிலிருக்கும் வியாபாரி அதைப் பார்த்து ஐஸும் வண்டியும் ஏற்பாடு செய்துகொள்வார். குழுவில் ஒவ்வொருவரிடமும் அந்தச் செயலியின் நிரல் ஒரு பிரதி இருக்கும். அவரவர் பிரதியில் மாற்றம் செய்து, எல்லாருடைய மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் ‘கிட்’டில் ஏற்றி, இன்னொருவருக்கு வாசிக்க அனுப்ப வேண்டும். அவர் சரி என்றால்தான் அது பொது நிரலோடு சேரும். எந்த வரியை யார் எழுதினார் என்பது பக்கத்திலேயே பெயரோடு நிற்கும்.

நான் அந்தப் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பேன். வாரத்துக்கு வாரம் அவள் பெயர் பெருகிக்கொண்டு வந்தது. நான் வளவளவென்று எழுதியதை அவள் நாலு வரியில் மாற்றியிருப்பாள். அந்த இடத்தில் என் பெயர் போய் அவள் பெயர் வந்திருக்கும். அவள் எழுதியது நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிந்தது.

எங்கள் அப்பா, அய்யா என்றுதான் கூப்பிடுவோம், மிளகாய் வெள்ளாமை செய்கிறவர். எங்கள் வேலை அவருக்குப் புரியாது. ஆனால் மேலாளர் அழைப்பில் பேசுவது கூடம் வரை கேட்கும். ஒருநாள் சாப்பிடும்போது, சின்னவளை அந்த ஆள் ரொம்ப மெச்சுகிறாரே என்று சாதாரணமாகச் சொன்னார். நான் மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டேன்.

அந்த மாசியில் ஒரு சிக்கல் வந்தது. கடலுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால், சோதனைக்குக் கொடுத்திருந்த படகுகளிலிருந்து பாதிப் பதிவுகள் கரைக்கு வராமலே தொலைந்தன. தங்கை ஒரு வழி எழுதினாள். சிக்னல் இல்லாதபோது பதிவைப் போனிலேயே வைத்திருந்து, கிடைத்ததும் தானாக அனுப்பிவிடும். குழுவே கொண்டாடியது. யார் வாசிக்க வேண்டும் என்பதை அனுப்புகிறவரே தேர்ந்தெடுக்கலாம். அவள் என்னைப் போட்டிருந்தாள். பெரிய மாற்றம் என்றால் எப்போதும் என்னைத்தான் போடுவாள். வேண்டுமென்றே என் கண்ணில் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வாசித்தேன். பாராட்ட அல்ல, ஒரு தப்பாவது சிக்காதா என்றுதான். இரண்டாம் நாள் ஓரிடத்தில் சந்தேகம் தட்டியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போனால் என்ன ஆகும்?

எங்கள் கொல்லையின் கிழக்கு ஓரம், கருவேல மரங்களைத் தாண்டினால் சிக்னல் விழாது. போனை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சோதனைக்கு ஒரு கூடை நண்டைப் பதிந்து, அது போகத் தொடங்கும் நேரம் பார்த்து மரங்களுக்குள் போவதும் திரும்பி வெளியே வருவதுமாக இருந்தேன். மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த அய்யா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏத்தா, இந்த வெயில்ல அங்கிட்டும் இங்கிட்டுமா என்ன நடை?”

வேலைதான் அய்யா என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அந்த ஒரே கூடை நண்டு இரண்டு தடவை பதிவாகியிருந்தது; ஏற்கனவே போய்ச் சேர்ந்தது தெரியாமல் போன் மறுபடி அனுப்பியிருக்கிறது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழுவில் எல்லாரும் பார்க்கும்படி, தப்பு இருந்த வரியின் கீழேயே அதை எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன்.

கதவு திறந்தது. முகம் வாடி வருவாள் என்று காத்திருந்தேன். அவளோ கண் விரிய வந்து, எப்படிக் கண்டுபிடித்தாய், காட்டு என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கொல்லைக்குப் போனோம். அவள் மரங்களுக்குள் போய்வர, நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கே திருத்தி அனுப்பினாள். மாற்றத்தை எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரோடு என் பெயரையும் சேர்த்திருந்தாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. பெருந்தன்மைகூட இவளுக்கு இத்தனை சுலபமாக வருகிறதே என்று.

செயலி ஓடத் தொடங்கிய பிறகு, குழுவோடு மண்டபம் துறைமுகத்துக்குப் போனோம். நண்டு வாங்கும் அம்மா ஒருவர், இப்போது ஒரு பதிவும் தவறுவதில்லை, இதைச் செய்த பிள்ளை யார் என்று கேட்டார். மேலாளர் தங்கையைக் காட்டினார். அந்த அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். நான் கையில் டீயோடு ஐஸ் பெட்டிகளின் பக்கம் நின்றேன். தங்கை என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். ஐஸ் உடைக்கும் இயந்திரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். உச்சிப்புளி தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

“உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும்க்கா. அதான் உனக்கே அனுப்புறேன்.”

“என்ன சொல்ற?”

“மத்தவுக வாசிக்காமலே சரின்னு போட்ருவாக. நீ மட்டுந்தான் எங்கன தப்பு கிடைக்கும்னு தேடுவ. நீ சரின்னு விட்டுட்டா அதுல தப்பு இல்லன்னு நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

என் மனசை இத்தனை நாளாக அவள் தெரிந்துவைத்திருந்ததும், அதைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டதும் ஒருசேர உறைத்தன. கோபப்படப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

சில மாதங்களில் அவளைக் குழுவின் தலைவியாக்கினார்கள். வாழ்த்துச் சொன்னவர்களில் நான் கடைசி ஆள். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் இப்போதும் பெரிதாக எதையாவது எழுதினால் எனக்குத்தான் அனுப்புகிறாள். என் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் முதலில் திறக்கிறேன். போன வாரம் அவள் அனுப்பியதில் ஒரு வரி விடாமல் தேடியும் ஒரு தப்பும் அகப்படவில்லை. காலையில் திறந்ததை, மனசு வந்து சரி என்று அழுத்துவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.