தேய்க்காத கரிமுனை

என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த நெல்லையப்பன் காலமாகிவிட்டார் என்று முக்கூடல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருடைய தம்பி சொன்னபோது, நான் எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நின்றிருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், நாங்கள் மருந்தைக் கண்டறியும் கருவியின் பேனா தாளின்மேல் அசையாமல் நின்றது. கரண்ட் இல்லை. இருந்தும் அது எழுதப் போகிறது என்றே தோன்றியது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பேனாவைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரித்தூளை எண்ணெயில் குழைத்துக் கண்ணாடிக் குழாயின் நுனியில் அடைப்பார். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து சிறுநீரிலோ சாக்கடை நீரிலோ துளி இருந்தாலும், முனையை அதில் நனைத்தால் அந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தால் பேனா ஒரு மேட்டை வரையும். மருந்து இல்லையென்றால் கோடு தட்டையாகப் போகும். ஒவ்வொரு முறையும் முனையைக் காகிதத்தில் தேய்த்துப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பழைய மருந்தே மறுபடி மேடாக வரும். "கரி மறக்காதுவே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் கலக்கும் ஓடைகளில், சோதிக்க நீர் எடுக்கப் பாட்டிலோடு இறங்குவார். குளிக்க வந்த ஒருவர், "அண்ணாச்சி, தீர்த்தமா?" என்று கேட்டார். "தீர்த்தந்தான். குடிச்சிராதீய" என்றார் இவர், முகம் மாறாமல்.

நோயாளியின் மாதிரியோடு ஒப்பிட, மருந்து எடுக்காத ஒருவரின் சிறுநீர் வேண்டும். சோதனை செய்கிறவரே தன்னுடையதைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் நெல்லையப்பனுடைய மாதிரியில் மேடு வந்தது.

"பாத்திரம் கழுவத் தெரியாதாவே உமக்கு?" என்று கத்தினேன். குடுவைகளை அமிலத்தில் ஊறப் போட்டேன். கரியை மாற்றினேன். என்னுடையதை வைத்தால் தட்டைக் கோடு. அவருடையதை வைத்தால் மேடு. நாளாக நாளாக அந்த மேடு தேய்ந்து மறையும். அப்பாடா என்றிருக்கும்போது மறுபடி எழும்பும். பட்டப்பகலில் அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயந்தேன். பேய்க்குப் பயந்த வேதியியல்காரன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்போது அவர் மொட்டைத் தலையோடு இருந்தார். திருச்செந்தூருக்கா என்று முன்பே கேட்டிருந்தேன். "ஆமா, நேர்ச்சை" என்றிருந்தார். ஒருநாள் அவருடைய மாதிரியில் பேனா மேடேறியபோது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். புருவமும் இல்லை. எந்தச் சாமிக்கும் யாரும் புருவத்தைக் காணிக்கையாகக் கொடுப்பதில்லை.

"எவ்வளவு நாளாவே?" என்றேன்.

"உம்மகிட்ட வாயால சொல்ல வரல. பேனா சொல்லட்டும்னு வச்சேன்" என்றார். அப்போதுதான் தன் மாதிரியிலிருந்து எடுத்த குழாயை, கரிமுனையைத் தொடாமல் துடைத்துத் தனியே வைத்தார். "இத மட்டும் தேய்க்காதேயும்வே."

அதன்பின் மேட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மேடு வந்தால் மருந்து ஏறுகிறது, மருந்து ஏறினால் ஆள் இருப்பார் என்று ஒரு கணக்கு. பிறகு கோடு தட்டையானது. அடுத்த மாதமும் தட்டைதான்.

"மருந்து முடிஞ்சிட்டாவே?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிட்டு."

குணமாகிவிட்டது என்று துறை முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தேன். அவரும் ஒரு விள்ளல் வாயில் போட்டு, "நல்லாருக்குவே" என்றார். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை என்று டாக்டர்கள் கைவிட்டிருந்ததை, அவருடைய தம்பி போனில் சொல்லித்தான் அறிந்தேன். பாவி மனுஷன், என் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அதைத் தின்றிருக்கிறார்.

கருமாதி முடிந்து வந்ததும் அந்தக் குழாயை எடுத்தேன். எதுவும் கலக்காத சுத்தமான கரைசலில் அதன் முனையை நனைத்து, கருவியைப் போட்டேன். பேனா தட்டையாகப் போயிற்று. பிறகு பைய ஏறத் தொடங்கியது. அவர் உடம்புக்குள் போய் வந்த மருந்து. "வாரும்வே" என்றேன், என்னை அறியாமல்.

என்னிடம் அவருடையதாக இருப்பது அந்தக் குழாய்தான். இன்னொரு முறை நனைத்தால் மேடு இதைவிடச் சிறிதாகத்தான் வரும். அதனால் நனைக்கவில்லை.