நேர்ச்சைக்குப் போன சைக்கிள்

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்குப் புரியாத காட்சி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஊருக்கு வெளியே அதை இறக்கி, இரண்டு மணி நேரம் மிதித்து, இட்லி சாப்பிட்டு, மறுபடியும் காரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊரான செங்கத்தில் சைக்கிள்தான் எல்லாவற்றையும் சுமக்கும். காஸ் சிலிண்டர், மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டை, பரீட்சைக்குப் போகும் தங்கை, எல்லாம் அதன் மேல்தான். சைக்கிளைச் சுமக்க இன்னொரு வண்டி வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. பத்து வருடம் இங்கே குப்பை கொட்டிய பிறகு நானும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

எங்கள் பிரிவின் டைரக்டர் அபிஷேக், இருதய நோயுள்ள ஏழைக் குழந்தைகளுக்குப் பணம் திரட்ட, பாண்டிச்சேரிவரை இரண்டு நாள் சைக்கிள் பயணம் அறிவித்தார். தர்ம காரியமாகக் கிளம்பும் பயணம் எதுவும் ஏன் தர்மபுரியில் முடிவதில்லை என்று கேட்கக் கூடாது. ஒவ்வொருவரும் தெரிந்தவர்களைப் பிடித்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு நன்கொடை என்று வாக்கு வாங்க வேண்டும். அதற்கொரு இணையப் பக்கம். ‘நான் ஏன் மிதிக்கிறேன்?’ என்று அதில் ஒரு கட்டம். ‘என்னை நானே கண்டடைய’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். ‘என் எல்லைகளைத் தாண்ட’ என்றார் அபிஷேக். கர்நாடக எல்லை அத்திப்பள்ளியில்தான் இருக்கிறது, டவுன் பஸ்ஸிலேயே தாண்டலாம். அவருடைய சைக்கிளின் விலைக்கு ஒரு குழந்தைக்கு ஆபரேஷனே செய்துவிடலாம் என்று நினைத்தவன் நான் மட்டுமல்ல. வாயைத் திறக்காமல் இருந்தவனும் நான் மட்டுமல்ல. ‘டைரக்டர் கூப்பிட்டார்’ என்று எழுதி, அழித்து, ‘குழந்தைகளுக்காக’ என்று போட்டேன்.

பயணத்துக்குக் கொடுத்த பனியன் ஆரஞ்சு நிறம். அதைத் துவைத்து, பெங்களூர் மர்பி டவுனில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் காயப்போட்டேன். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் வருடா வருடம் பலர் அந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா, ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர், கொடியில் பனியனைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

“தம்பி, மாதாகிட்டயா போறீங்க?”

“இல்லக்கா, பாண்டிச்சேரிக்கு. சைக்கிள்ல. ஹார்ட் ப்ராப்ளம் இருக்கற குழந்தைங்களுக்காக.”

அக்காவின் முகம் மாறிவிட்டது. அவருடைய மகள் ஏஞ்சலினுக்கு ஏழு வயது. இருதயத்தில் ஓட்டை. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதுவும் எங்கள் பயணத்தின் இரண்டாம் நாள் காலையில். எங்கள் பணம் வேறு ஊர்க் குழந்தைகளுக்குப் போகிறது என்று இணையப் பக்கத்தைக் காட்டி விளக்கினேன். அவர் ஃபோனைப் பார்க்கவே இல்லை. ஐம்பது ரூபாயை என் கையில் வைத்து அழுத்தினார்.

“ஏஞ்சலினையும் அதுல சேத்துக்கோங்க. ஆனா மாதாவுக்கு வேண்டிக்கிட்ட நேர்ச்சைன்னா சும்மா இல்ல தம்பி. கவுச்சி தொடக் கூடாது. நடுவுல சொந்தக்காரங்க வூட்டுக்குள்ள போகக் கூடாது. முக்கியமா பஸ்ஸு, காருன்னு வண்டி ஏறக் கூடாது. எங்க மாமனாரு திருவாரூர் வரைக்கும் நடந்துட்டு, கால் வலிக்குதுன்னு பஸ் ஏறிட்டாரு. அந்த வருஷம் எங்களுக்கு ஒண்ணுமே சரியா அமையல.”

எனக்கு அவருடைய மாதாவிடமும் நம்பிக்கை கிடையாது, எங்கள் அண்ணாமலையாரிடமும் கிடையாது. இருந்தாலும் “சரிக்கா” என்று சொல்லிவிட்டேன். பெங்களூரில் ‘அட்ஜஸ்ட் மாடி’, அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில் யார் சொன்னாலும் ஆமாம் போட்டுப் பழகிய வாய்.

கிளம்பிய அன்று ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் ஜோராகக் கடந்தோம். ஊத்தங்கரையில் டீக்கடைக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்ளோ கூலி தராங்க?” என்று என்னிடம் கேட்டார். கூலி கிடையாது, நாங்கள்தான் பணம் கட்டிவிட்டு மிதிக்கிறோம் என்றேன். பாவம் என்று இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. அபிஷேக் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டு, சேஃப்டி ஃபர்ஸ்ட் என்றும், திருவண்ணாமலைவரை ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்றும் ஆங்கிலத்தில் அறிவித்தார். ஆட்கள் ஏசி பஸ்ஸில், சைக்கிள்கள் பின்னால் வரும் லாரியில். கிலோமீட்டருக்கு வாங்கிய வாக்கு என்ன ஆவது என்று கேட்டேன். “ஆன் பேப்பர், ஃபுல் டிஸ்டன்ஸ்” என்று கண்ணடித்தார். முதலில் பஸ்ஸில் ஏறியவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிங்காரப்பேட்டை தாண்டும்வரை சுகமாக இருந்தது. அதற்கு மேல் திருவாரூர் மாமனார் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாளைக் காலையில் அந்தக் குழந்தையை ஆபரேஷன் மேஜையில் படுக்கவைப்பார்கள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், ‘தம்பி வண்டி ஏறலையே?’ என்று அக்கா கேட்பார். அதற்கு ‘ஆன் பேப்பர் ஏறவில்லை’ என்றா சொல்வது? எனக்குப் பயமாக இருந்தது. படித்தவனுக்கு வரக்கூடாத பயம், ஆனால் வந்தது. செங்கம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் நிறுத்தச் சொல்லி, பின்னால் வந்த லாரியிலிருந்து என் சைக்கிளை இறக்கிக்கொண்டேன். அபிஷேக் என் தோளைத் தட்டி, “ஓ, யுவர் ஹோம்டவுன்! கோ, மீட் யுவர் மாம்” என்றார். நல்ல மனிதர்தான்.

விட்ட இடத்திலிருந்து மிதித்தால் கணக்கு நேராகிவிடும், பின்னோக்கிப் போக ஏறும் வண்டி கணக்கில் சேராது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தக்காளி இறக்கிவிட்டு ஊத்தங்கரைக்குத் திரும்பும் மினி லாரி ஒன்று கிடைத்தது.

“சைக்கிள் நல்லாத்தான கீது? ஓட்டிக்கினு போறதுதான?” என்றார் டிரைவர்.

“அங்கருந்து ஓட்டிக்கினு வரணுங்க.”

“அங்க எதனா வுட்டுட்டியா?”

“ஆமாங்க. நாப்பது கிலோமீட்டரு.”

அதன் பிறகு ஊத்தங்கரைவரை அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஓட்டினார்.

மறுபடியும் செங்கத்துக்கு மிதித்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனையில் அம்மா சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

“பெங்களூர்ல வேல போயிடுச்சாடா?”

“இல்லம்மா. வேண்டுதல். வூட்டுக்குள்ள வரக் கூடாது.” ஒரு காலை ஊன்றி நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

“யாரு அவங்க? நம்ம ஆளுங்களா?”

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். பெங்களூரில் சர்நேமைக் கேட்டு இதையே நாசூக்காகத் தெரிந்துகொள்வார்கள். கீழ்வீடு என்றேன். பெண்ணின் பெயர் ஏஞ்சலின் என்றேன். அம்மா சொம்பை என் கையில் கொடுத்தாள்.

“எவ்ளோ வயசு?”

“ஏழு.”

“அப்ப இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? கெளம்பு. முடிச்சிட்டு நாளைக்கு வா. ஆக்கி வெக்கறேன்.”

வாய்க்கு வாய் வீட்டுக்கு வா என்பவள் என்னைத் துரத்தியது அன்றுதான்.

இரவே திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து கண்ணயர்ந்துவிட்டு, மறுநாள் பகல் ஒரு மணிக்குத் திண்டிவனம் அருகே மோர் குடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பாண்டிச்சேரியைத் தொட்டு, கடற்கரைப் படங்களைக் குழுவில் போட ஆரம்பித்திருந்தார்கள். ஃபோன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா. எடுக்கக் கை வரவில்லை. எடுத்தேன்.

“தம்பி, கண்ணு தொறந்துட்டா! உங்கள கேட்டா. இனிமே நீங்க வண்டி ஏறிக்கலாம்.”

மோர்க் கடைக்காரருக்கு முன்னால் அழுதேன். வெட்கமாகவே இல்லை. பாண்டிச்சேரிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் பாக்கி. ஆனால் அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? சாலையைக் கடந்து, எதிர்த்திசையில் வந்த பெங்களூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். சைக்கிளை டிக்கியில் திணித்துவிட்டு வந்த கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார்.

“எங்க எறங்கணும்?”

“வீட்டுக்கு.”

“செங்கமா, பெங்களூரா?”

செங்கத்தில் அம்மா உலை வைத்திருப்பாள். பெங்களூரில் ஏஞ்சலின் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். திருவண்ணாமலை வந்தும் நான் பதில் சொல்லாததால், கண்டக்டர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.