தாம்பூலப் பைக்குள் ஒரு கை

பல்லி விழுந்தால்கூடப் பலன் பார்க்காதவன் நான். பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், நீங்களும் இப்போது அப்படிப் போகலாம், தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் இது மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நல்ல வெளிச்சத்தில் நடந்தது.

என் மனைவி சாரதா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். தி. நகரில் துணி எடுக்கும்போது கடைக்காரர் பேச்சைக் காதில் வாங்க மாட்டாள். முனையை விரலிடுக்கில் தேய்ப்பாள், கசக்கி விடுவாள், "பாலியஸ்டர் கலந்திருக்கு" என்று எழுந்துவிடுவாள். பக்கவாதம் வந்து தேறியபோது இடது கை அசைந்தது, ஆனால் தொடுவது என்னவென்று அதற்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஊசிப்பெட்டியும் உருளைக்கிழங்கும் ஒன்றுதான். துணி நழுவுவதே தெரியாத கையால் எப்படித் தைப்பது? ஜன்னலோரம் மிஷின் போர்வை போர்த்திக் கிடந்தது.

பிசியோதெரபிக்கு வரும் இந்து என்ற பெண் ஒரு பயிற்சி சொன்னாள். பைக்குள் வீட்டுச் சாமான்களைப் போட வேண்டும், சாரதா கண்ணைக் கட்டிக்கொண்டு இடது கையால் துழாவிச் சொல்ல வேண்டும். "சும்மா தொட்டா பத்தாது ஆன்ட்டி. அமுக்கிப் பாருங்க, தூக்கிப் பாருங்க, ஓரத்தைச் சுத்தி விரலை ஓட்டுங்க."

கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் மாலையில் உட்கார்ந்தோம். பலனில்லை. சாவியை வெண்டைக்காய் என்பாள். "நாளைக்கு வெண்டைக்காயப் போடுங்க, சாவின்னு சொல்றேன், சரியாப் போயிடும்" என்று சிரிப்பாள். பிறகு சமையலறையில் தனியாக அழுவாள்.

அன்று நான் போட்டவை எலுமிச்சம்பழமும் சீப்பும் மட்டும். பையின் வாயை என் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருந்தேன். கையை விட்டவள் வழக்கம்போல் தடுமாறவில்லை. மெல்ல அமுக்கினாள், எதையோ கோத்துக்கொண்டதுபோல் அவள் விரல்கள் மடங்கின.

"ஏங்க, சாமான் போடறேன்னுட்டு உங்க கைய விட்டு விளையாடறீங்களா?"

நான் குனிந்து பையைப் பார்த்தேன்.

"உங்க கைதான். சுண்டுவிரல் கோணலா இருக்கே. ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கோணிய அந்த விரல், பையின் விளிம்பைப் பிடித்தபடி என் கண்ணெதிரே இருந்தது.

பையைப் பறிக்கப் பார்த்தேன், வரவில்லை. நம்பினால் நம்புங்கள், உள்ளே ஒரு கனம் தொங்கியது. தூங்குகிறவர் கையைத் தூக்கினால் இருக்குமே, அந்தக் கனம். கத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவளோ முகமெல்லாம் மலர்ந்து, "தெரியுதுங்க, எனக்குத் தெரியுது" என்று அழுதாள். அதைக் கேட்ட பிறகு நான் என்ன சொல்ல? கடைசியில் அவளேதான் கையை எடுத்தாள். பையைக் கவிழ்த்தேன், பழம் உருண்டது, சீப்பு விழுந்தது, வேறொன்றும் இல்லை.

அன்றோடு அவள் கை தேறிவிட்டது. மூளை சில சமயம் அப்படித் திடீரென்று பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். மிஷின் மறுபடி ஓடுகிறது, துணியின் தரத்தை இடது கையாலேயே சொல்கிறாள். நடந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் கையின் உணர்ச்சி மறுபடி போய்விடுமோ என்று பயம்.

சில நாள் அவள் டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடிக்கிறேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் உள்ளங்கையைத் தடவுகிறாள், அமுக்கிப் பார்க்கிறாள், சட்டென்று உதறுகிறாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"நீங்களா? உங்க கை இவ்வளவு சூடா இருக்காதே."