பதினேழாம் கேள்வியின் விடை

மைசூரில் தமிழ்த் தேர்வுகளுக்குக் கேள்வி எழுதுவது என் வேலையாக இருந்தது. கேள்வியை ‘ஐட்டம்’ என்போம். சரியான விடையை ‘கீ’ என்போம். அச்சுக்குப் போகும் முன் ஐட்டங்களைச் சில பள்ளிகளில் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அப்படிக் கொடுத்தபோது பதினேழாவது ஐட்டம் சிக்கலானது.

மழையில் வீடு இடிந்த ஒரு பெண் பேசுவதாக நானே நாலு வரி எழுதியிருந்தேன்:

சுவர் போனால் போகட்டும்,
வாசல் இருக்கிறது.
நாளைக் காலைக் கோலத்துக்கு
அது போதாதா?

பேசுபவரின் மனநிலை என்ன? நான் வைத்த கீ ‘விரக்தி’. மைசூர்ப் பிள்ளைகள் அதையே குறித்தார்கள். தமிழ்நாட்டு எல்லையோர ஊரான ஹனூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் குறித்தது ‘உறுதி’.

“அங்க காம்ப்ரிஹென்ஷன் வீக்கும்மா. ரெமிடியல் கிளாஸ் வேணும்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க” என்றார் எங்கள் தலைவர்.

எழுதக் கை வரவில்லை. ஹனூருக்கே போய், அந்த எட்டாம் வகுப்பில் காரணம் கேட்டேன். மஞ்சுளா என்ற பெண் எழுந்தாள்.

“அவங்க அழுவலீங்க மிஸ். போதாதான்னு நம்மளக் கேக்கறாங்க. வெறுத்துப் போனவங்க நாளைக்குக் கோலம் போடறத நெனப்பாங்களா? எங்க ஊட்டுச் செவுரு உழுந்தன்னைக்கு எங்கம்மா மூணு கல்லக் கூட்டிக் களி கிண்டுச்சுங்க. பாவம்னு சொல்ல வந்தவங்களுக்கும் ஆளுக்கொரு உருண்டை குடுத்துச்சு.”

வகுப்பே தலையாட்டியது. எழுதியவள் நான், அதனால் அர்த்தமும் என் கையில் என்று நினைத்திருந்தேன். நான் ‘போகட்டும்’ என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். அவர்கள் கடைசி வரி வரை வாசித்திருந்தார்கள்.

திரும்பி வந்து சொன்னதும் தலைவர் முகம் மாறியது.

“கீ வெச்சது நீங்கதானே? நீங்களே தப்புன்னா கமிட்டியில நம்ம மானம் போகும். சும்னே விடுங்கம்மா, ஐட்டத்தையே எடுத்துடலாம்” என்றார், கன்னடம் கலந்து.

“எடுத்தா ஐட்டம்தான் சார் போகும். பிள்ளைங்களுக்குப் புரியலைங்கற பேரு அப்படியே நிக்கும்.”

கேள்விகளை இறுதி செய்யும் கமிட்டியில் எழுந்து, கீ தப்பு, தப்பு என்னுடையது என்றேன். மஞ்சுளா சொன்னதைக் குறிப்பிலிருந்து படித்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் அந்த நாலு வரியை வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி.”

கீ மாறியது. ரெமிடியல் கிளாஸ் என்ற வரியைத் தலைவரே பேனாவால் அடித்தார்.

எத்தனையோ ஐட்டங்கள் எழுதியிருக்கிறேன். தப்பென்று நானே ஒப்புக்கொண்ட இந்த ஒன்றைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்வது இதுதான்: ஒரு வகுப்பே உங்கள் கீயை மறுத்தால், மார்க்கைக் குறைக்கும் முன் ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள்.