ஒரே ஒரு சிடி விற்ற பாடகி

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் அம்மன் திருவிழாக் கச்சேரி. கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து, தொண்டை கட்டி வீடு திரும்பிய என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர் கேட்டார் - "நீ கச்சேரி கேட்கப் போனியா, பாடப் போனியா?"

இரண்டுக்கும்தான்!

முதலிலிருந்து சொல்கிறேன். நான் இருப்பது பொன்னேரியில். மீன் வாங்க அடிக்கடி பழவேற்காடு போவேன். பஸ் இருக்கிறது. ஆனால் நான் ஏறுவது குமாரியின் ஷேர் ஆட்டோவில். அந்தக் குப்பத்து மருமகள். கணவன் தேசிங்கு கடலுக்குப் போகிறவர். இவள் ரோட்டில் ஓட்டுகிறாள். அவள் ஆட்டோவில் ஏறினால் பாட்டு இலவசம். ஆனால் ஒரே ஆல்பம்தான்... காலையிலும் அதே, மாலையிலும் அதே. பாடியவர் பெயர் அமுதினி.

"யாரு குமாரி இந்த அமுதினி? நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"நானும் கேள்விப்படலக்கா. பொன்னேரியில ஒரு கடைய மூடிட்டுப் போனாங்க. மீந்துபோன சிடியெல்லாம் வாசல்ல கொட்டி வெச்சிருந்தாங்க. இதோட அட்டையில ஒரு படகு படம் போட்டிருந்துச்சு, நம்ம ஊரு மாதிரி. பத்து ரூபா குடுத்து எடுத்துக்கினு வந்துட்டேன். கேட்டேன் பாரு... அன்னைக்கே விழுந்துட்டேன்!"

சிடியை செல்போன் கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அமுதினிதான்.

இவள் இப்படி என்றால், தேசிங்கு வேறு ரகம். அவர் ஒரு பெரிய இசையமைப்பாளரின் வெறிபிடித்த ரசிகர். (பெயர் வேண்டாம். எதிர்முகாம் எனக்கு மெயில் போட்டே கொன்றுவிடும்!) புதுப்பாட்டு வெளியானால் வீட்டில் இருக்கும் அத்தனை போனிலும் அதை ஓட விடுவார் - சத்தத்தை அணைத்துவிட்டு. வியூஸ் ஏறவேண்டுமாம். பாட்டு போனுக்குள் தானாக ஓடிக்கொண்டிருக்கும், மனுஷன் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். கேட்பவர் யாரும் இல்லை!

நாம் மட்டும் என்ன யோக்கியமா? ஒரு பாட்டு பிடித்தால் அதன் கீழே இருக்கும் எண்ணைப் பார்க்காமல் விடுகிறோமா? நம் ஆளுக்குக் கோடி என்றால் ஏதோ நாமே பாடிய மாதிரி ஒரு மிதப்பு...

திருவிழாவுக்கு யாரைப் பாட அழைப்பது என்று கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று குமாரி என்னையும் இழுத்துப்போனாள். இளவட்டங்கள் சொன்னது, டிவியில் பாடி கோடிக்கணக்கில் வியூஸ் வாங்கிய ஒரு பாடகரை. குமாரி எழுந்தாள்.

"அமுதினிய கூட்டியாரலாம் மாமா. நம்ம ஆட்டோல பாடுதே, அந்தம்மா."

ஊர்த் தலைவர் புருவத்தைச் சுருக்கினார். அதற்குள் தேசிங்கு போனில் தேடிவிட்டார்.

"மாமா, இந்தம்மா வியூஸ கொஞ்சம் பாருங்க. நம்ம குப்பத்துல எறா ஏலம் வுட்ட வீடியோவுக்கே இத்தவிட ஜாஸ்தி கீது!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. குமாரி அசரவில்லை.

"வியூஸா வந்து மேடை ஏறிப் பாடப்போவுது? குரல் இன்னா மாதிரி கீதுனு கேட்டியா நீ?"

மீன் கூடையோடு அவள் ஆட்டோவில் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுத்தார்கள். தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிம்மா, உன் பேச்சுக்காக வரட்டும். கச்சேரி சப்புனு போச்சுன்னா, அப்புறம் திருவிழா விஷயத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன் மாமா."

சொல்லிவிட்டாளே தவிர, வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு பண்ணிட்டேனாக்கா?" என்றாள்.

சிடி அட்டையில் இருந்த ஸ்டூடியோவை விசாரித்து, அங்கிருந்து அமுதினியின் நம்பர் வாங்கி, ஆட்டோவை ஓரம்கட்டி ஸ்பீக்கரில் போட்டாள். நான் பின்சீட்டில். எதிர்முனையில் களைத்த குரல். இப்போது மேடைக் கச்சேரிகள் இல்லையாம். சென்னையில் ஒரு வாடகை வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறாராம்.

"யாராவது விளையாடுறீங்களாம்மா? என் ஆல்பம் ஒண்ணே ஒண்ணுதானே வித்துச்சு..."

"நான் வாங்குனேன் மேடம்!"

அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது -

"நீங்கதானா அது?"

நான் சிரித்துவிட்டேன். குமாரி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விடியுமுன்னே தொழிலுக்குப் போகவேண்டிய ஊர். அதனால் பொழுது சாயும்போதே கச்சேரி ஆரம்பம். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, ஒரு ரிதம் பேட். நடுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண். பயந்துபோய் இருக்கிறார் என்பது மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. தன் பாட்டு யாருக்குத் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, வரிசையாக சினிமாப் பாட்டுகளாகவே பாடினார். நன்றாகத்தான் பாடினார். ஆனால் கூட்டம் ஒட்டவில்லை. முன்வரிசைப் பையன்கள் போனை நோண்டினார்கள். தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சிலர் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். தலைவர் திரும்பிக் குமாரியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "இத்தெல்லாம் டிவியிலயே கேக்குறோம்மா! உன் பாட்ட பாடு! அந்த ஆட்டோ பாட்டு!"

அமுதினிக்குப் புரியவில்லை. குமாரி மேடையோரம் ஓடிப்போய், "அலையே பாட்டு மேடம்!" என்றாள். அவர் தயங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அலையே அலையே..."

அவ்வளவுதான் பாடினார். மீதியைக் கூட்டம் பாடியது!

"கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம் நில்லு... என் ஆளு வருதான்னு சொல்லு!"

ஏழெட்டுப் பெண்கள் அல்ல. ஆண்கள், கிழவர்கள், கைக்குழந்தையோடு நின்றவர்கள், பக்கத்துக் குப்பங்களிலிருந்து படகில் வந்தவர்கள்... எல்லோரும். பஜ்ஜிக் கடைக்குப் போனவர்கள் பாடிக்கொண்டே திரும்பி வந்தார்கள். அமுதினி கண்ணைத் திறந்தார். மைக்கை இறக்கிவிட்டார். முழுச் சரணத்தையும் ஊரே பாடி முடித்தது. அவர் வாயில் கைவைத்தபடி நின்றார்.

பிறகு மைக்கில் கேட்டார்: "நான் 'கொஞ்சம்'னு ஒருதடவைதானே பாடியிருக்கேன்... நீங்க எல்லாரும் ஏன் மூணு தடவை பாடுறீங்க?"

குமாரி கூனிக்குறுகிப் போனாள். "சிடியில அந்த எடத்துல கீறல் மேடம். திக்கித் திக்கி ஓடும். அப்படியே காப்பி எடுத்துட்டோம்..."

விஷயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. செல்போன் கடைக்காரர் குமாரியின் பாட்டுகளைத் தன் கம்ப்யூட்டரிலும் வைத்திருந்திருக்கிறார். பாட்டு ஏற்றக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இதையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அது படகுக்குப் படகு போயிருக்கிறது. ஒரே ஒரு சிடி, அதில் ஒரே ஒரு கீறல்... அந்தக் கீறலோடு சேர்த்து ஏரிக்கரை முழுக்க மனப்பாடம்!

அமுதினி ஒரு நிமிஷம் யோசித்தார். வாத்தியக்காரர்களிடம் குனிந்து ஏதோ சொன்னார். மறுபடி முதலிலிருந்து எடுத்தார் -

"அலையே அலையே... கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம் நில்லு!"

எழுந்த சத்தத்தில் சீரியல் பல்பெல்லாம் ஆடியது. பொய்யில்லை. அந்தப் பாட்டை மட்டும் நான்கு தடவையோ ஐந்து தடவையோ பாடவைத்தார்கள். களைத்த குரலா அது? கடல்காற்றையே தள்ளிக்கொண்டு போனது. தலைவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். "வர்ற வருஷமும் நீதாம்மா" என்றார். அப்படியே குமாரியைப் பார்த்து, "உன் வாய மூடச் சொன்னேன் பாரு, எனக்குத்தான் புத்தி இல்ல" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

தேசிங்கு? வாய்கிழியப் பாடிக்கொண்டிருந்தார் ஐயா! குமாரி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? உனக்கு எப்படித் தெரியும்?"

"போட்டுல தெனம் போடுவானுங்கம்மே. கடல்ல வேற இன்னா கேக்குறது? ஷோக்கா இருக்கும். இந்தம்மா பாட்டுனு எனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்குக் கூட்டத்துல போன்ல தேடுனியே?"

"நம்பரத்தான் பாத்தேன்..." - அசடு வழிந்தார் - "பாட்ட எங்க போட்டுப் பாத்தேன்!"

மக்களே, ரொம்ப நாளாக எனக்குள் இருந்த ஒரு கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. எத்தனை விற்றது, எத்தனை பேர் பார்த்தார்கள் - இதெல்லாம் ரசிகனுக்கு முக்கியமா? பாடுகிறவருக்கு முக்கியம், மறுக்கவே மாட்டேன். அவர் வீட்டில் அடுப்பெரிவது அதில்தான். குமாரிக்கே அது உறுத்தியது. கச்சேரி முடிந்ததும் கேட்டாள்: "நான் ஒண்ணுதான் மேடம் வாங்குனேன். ஊரே கேட்டுச்சு. உங்களுக்கு நஷ்டம்தானே?"

அமுதினி ஒளிக்கவில்லை. "நஷ்டம்தான் குமாரி! அடுத்த ஆல்பத்தை ஒழுங்கா ஆளுக்கொண்ணு வாங்குங்க" என்று சிரித்தார். அதற்குள் முன்வரிசைப் பையன்கள் "எப்ப மேடம் வருது, எப்ப வருது" என்று சூழ்ந்துகொண்டார்கள். வகுப்பு எடுப்பதை விட்டு ஸ்டூடியோவுக்குப் போகும் தைரியம் வந்துவிட்டது என்று, கார் ஏறும்போது என்னிடம் சொன்னார். அந்தத் தைரியத்தை எந்த எண்ணும் அவருக்குக் கொடுக்கவில்லை.

ஆக, பிடித்தால் வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். காது எதற்கு இருக்கிறது?

நேற்று ஆட்டோவில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கே! இதுக்கு எவ்ளோ வியூஸ்?" என்றார்.

குமாரி கியரைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அத்த வுடுக்கா... திருப்பாலைவனம் ஸ்டாப்பு தாண்டுறதுக்குள்ள நீயே பாடுவ, பாரு!"